மூன்றாவது பெஞ்சின் ஓரத்து இடம்

பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் உட்காரும் என் அம்மாவுக்கு,

உன் நீலப் புடவை இன்னும் காயவில்லை. ஐப்பசி மழை விட்டபாடில்லை. கூடத்தில் கொடி கட்டி, ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். சித்தி இரண்டு தடவை வந்து முந்தானையைத் தொட்டுப் பார்த்துவிட்டாள். "காயலன்னாலும் பரவால்ல சித்தி, நாளைக்கு நான் அதக் கட்டப் போறதில்ல" என்றேன். அவள் முந்தானையை உதறி விரித்துப் போட்டாள். ஃபேனையும் நிறுத்தவில்லை.

நாளை ஞாயிற்றுக்கிழமை. நாளைய மாதா கோயில் பூசைக்கு முன்னால் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் வீட்டைப் போல இன்னும் சில வீடுகள் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அவர்களும் படிக்கட்டும் என்று, உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சேர்த்துத்தான் எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள். அந்த நாட்டின் பெயரை மட்டும் எழுதவில்லை. அப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

வேறு ஊர்க்காரர்கள் பட்டாளம் என்றால் பயப்படுவார்கள். காரைக்காலில் பட்டாளம் என்றால் பென்ஷன். நம் எதிர் வீடு 'சொல்தா வீடு'. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் வீடு. வெள்ளைச் சுவர், பச்சைக் கதவு, மாடியில் ரோஜாத் தொட்டிகள். அந்த வீட்டுப் பிள்ளைகள் பாரிசிலிருந்து வந்து இறங்கும்போது பெட்டிகளின் சக்கரச் சத்தம் தெருமுனையிலிருந்தே கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர் அப்பா. அதனால்தான், வெளிநாட்டு ராணுவ முகாமில் சமையல் வேலை, ஒரு வருடத்தில் பாஸ்போர்ட் என்று ஒருவன் வந்து சொன்னபோது அவருக்குச் சந்தேகமே வரவில்லை. வேறு எந்த ஊர் பரோட்டா மாஸ்டராக இருந்தாலும் யோசித்திருப்பார், இல்லையா?

நீ மட்டும் கேட்டாய். "துப்பாக்கியெல்லாம் கையில குடுத்துற மாட்டாங்களே?"

"கரண்டிதான் குடுப்பாங்க தெரசு. ஒனக்கும் பாப்பாவுக்கும் ரெண்டாவது வருஷம் டிக்கெட்டு."

"எனக்கு டிக்கெட்டெல்லாம் வேணாம். அந்தக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கிட்டுப் போங்க."

போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரத்தில் வந்த குரல் செய்தியை நீ எத்தனை தரம் கேட்டாய் என்று எனக்குத் தெரியாது. சமையற்கட்டில், குழாயைத் திறந்துவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாய். "தெரசு, கரண்டி குடுக்கல." அவ்வளவுதான் அந்தச் செய்தி.

அதன் பிறகு எப்போதாவது ஒன்று வரும். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஓர் எண்ணிலிருந்து. ஒருமுறை கொஞ்சம் நீளமாகவே பேசியிருந்தார். "இதுக்குப் பதில் போடாத தெரசு. போன் ஒரு நேபாளத்துத் தம்பியோடது. மாட்டுனா அவனுக்குத்தான் அடி. இங்க பேசக் கூடாது, பேசுனா எதிரிக்கு எடம் தெரிஞ்சிருமாம். ஆனா ஒரு ஆபீசர் இருக்காரு, கழுத்துல சிலுவை போட்டிருக்காரு. வேதக்காரங்கன்னு சொன்னா ஞாயித்துக்கெழம அவரு போன்லயே பூசை பாத்துக்க விடறாரு. பக்கத்துலயே நிக்கிறாரு. பேச முடியாது. பாக்கலாம். நம்ம கோயில் பூசைய யூடியூப்புல போடறாங்கள்ல, அதக் காட்டச் சொன்னேன். நீ எங்கேயோ தூணுக்குப் பின்னால உக்காந்திருக்க, தெரியல. மூணாவது பெஞ்சு ஓரமா உக்காரு. நன்ம வாங்கிட்டு வந்து, முழங்கால் போடறதுக்கு முன்னால முக்காட்ட ரெண்டு கையாலயும் சரி பண்ணு. நல்லாருக்கோம்னு எடுத்துக்கறேன்."

கொரோனாவில் கோயிலைப் பூட்டியபோது ஆரம்பித்த யூடியூப். பாடகர் மாடத்தில் பொருத்திய கேமரா இன்னும் அங்கேயே இருக்கிறது. பின்னாலிருந்து எடுப்பதால் பீடத்தைத் தவிர மற்றதெல்லாம் முதுகுகளும் முக்காடுகளும்தான். அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ மூன்றாவது பெஞ்சின் ஓரத்துக்கு வந்தாய். அங்கே வழக்கமாக உட்காரும் கிளாரா அத்தையிடம் நீ என்ன சொன்னாயோ, அவர் ஒரு பெஞ்சு பின்னால் போய்விட்டார். எப்போதும் நீலப் புடவை. அதுதான் கூட்டத்தில் சட்டென்று தெரியும் என்றாய். நன்மை என்று அவர் சொன்ன நற்கருணையை வாங்கி வந்து, நின்று, இரண்டு கையாலும் முக்காட்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்து மெல்ல முன்னால் இழுப்பாய். எவ்வளவு நேரம்? ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம். அந்த ஒரு மூச்சுக்காக நீ சனிக்கிழமையே புடவையைத் தேய்த்து வைப்பாய்.

அந்த நாட்களில் நான் மேடையேறிப் படிப்பேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பைபிளிலிருந்து முதல் வாசகம் என்னுடையது. ஒரே கேமராச் சட்டத்துக்குள் நாம் இரண்டு பேரும் இருந்தோம். நீ பேசாமல், நான் பேசிக்கொண்டு. அவர் அங்கே கேட்டுக்கொண்டு.

ஆகஸ்டில், பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு நாள், தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாய். "தல வலிக்குது பாப்பா, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றாய். கொண்டு வந்தேன். உன் தலை ரவிக்கைத் துணியின் மேல் சாய்ந்திருந்தது. தூங்குகிறாய் என்று நினைத்து, டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றேன். ஆஸ்பத்திரியில், மூளையில் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். மிஷினில் பாதி தைத்திருந்த அந்த ரவிக்கையைச் சித்திதான் முடித்துக் கொடுத்தாள்.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த மாலையில், ஈரத் தலையோடு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மாமாதான் முதலில் பேசினார். உன் அண்ணன், உன்னைவிட அப்பாவை அதிகம் திட்டியவர், அதிகம் நேசித்தவரும்.

"மாப்ளைக்கு இது தெரியக் கூடாது" என்றார்.

"எப்படிண்ணே? கட்டுன புருசன்" என்றாள் சித்தி.

"அங்கேர்ந்து ஓடுன யாரையும் உயிரோட திருப்பிக் கொண்டு வரலன்னு அவனே சொன்னான்ல? இவ போயிட்டான்னு தெரிஞ்சா அன்னைக்கே கெளம்பிருவான். உயிரக் கையில புடிச்சிக்கிட்டு நிக்கிறதே இவளுக்காகத்தான். அவனத் திருப்பி அனுப்பச் சொல்லி மனு குடுத்திருக்கோம். வர்றப்ப வரட்டும். வந்து தெரிஞ்சுக்கட்டும்."

"ஞாயித்துக்கெழம பூசையில தேடுவாரேண்ணே."

அப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உன் உயரம். பின்னாலிருந்து பார்த்தால் உன் கழுத்து. சித்திதான் கட்டிக்கொள்வதாக முதலில் சொன்னாள். உன் ரவிக்கையை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். முழங்கைக்கு மேல் ஏறவில்லை. "எங்க அக்கா ஈர்க்குச்சி. எனக்கு இதுல ஒரு கைதான் நொழையும்" என்றாள். சிரித்தோம் அம்மா. உன்னைப் புதைத்த அன்றைக்கே சிரித்தோம். பிறகு அந்த ரவிக்கையை முகத்தில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள்.

அப்படித்தான் நான் உன் புடவைக்குள் போனேன்.

கோயில் முழுக்க இது தெரியும். பூசை வைக்கும் சாமியார் உன் பெயரை மைக்கில் சொல்வதில்லை. உன் முப்பதாம் நாள் பூசையைக்கூட 'மரித்த நம் சகோதரி ஒருவருக்காக' என்றுதான் ஒப்புக்கொடுத்தார். ஒருவர்! எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் உன் இடத்தில் உட்கார்ந்து, உனக்கான பூசையை, நீயாக இருந்து கண்டேன். அழக் கூடாது, தோள் குலுங்கினால் கேமராவில் தெரிந்துவிடும். கிளாரா அத்தை பின்னாலிருந்து என் முதுகைத் தடவப் போய், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அதுவும் தெரிந்துவிடுமே.

மற்ற நாட்களில் அவர் அப்படியெல்லாம் இல்லை. "முக்காட்ட இன்னும் கீழ எறக்குடி. உங்கம்மா என்னைக்குக் கூரையப் பாத்தா? ஆடாத, ஒழுங்கா உக்காரு. உங்கம்மா உக்காந்தான்னா ஆணி அடிச்சாப்புல உக்காருவா" என்று காதருகில் திட்டிக்கொண்டே இருப்பார். நற்கருணை வாங்கித் திரும்பும்போது முகம் கேமராவைப் பார்க்கும் என்பதால், கூப்பிய கைகளை நெற்றி வரைக்கும் தூக்கிக்கொண்டு நடந்து வருவேன். எனக்குப் பக்தி அதிகம் என்று வெளியூர்க்காரர் ஒருவர் மாமாவிடம் பாராட்டினாராம்.

ஆனால் மேடை போய்விட்டது. ஒரே ஆள் மேடையிலும் பெஞ்சிலும் இருக்க முடியாதே. என் வாசகங்களை வேறொரு பெண் படிக்கிறாள். மூச்சு விடக் கூடாத இடத்தில் மூச்சு விடுகிறாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து, வாய்க்குள்ளேயே சரியாகப் படித்துக்கொள்வேன். உதடு அசைவது பின்னாலிருந்து தெரியாது.

பள்ளிக்கூடத்தில் என் தோழி ஒருத்தி முடியைக் கத்தரித்துக்கொண்டாள். எனக்கும் ஆசை. என்னால் முடியாது, உன் கொண்டை வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேளாங்கண்ணிக்கு வகுப்போடு போகக் கூப்பிட்டார்கள், அதற்கும் முடியாது. காய்ச்சலோடுகூடப் போய் உட்கார்ந்தேன். எனக்குக் கோபமும் வந்தது, அம்மா. உன் மேல்தான். செத்தவர்கள் செத்துப் போய்விடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து உட்கார வேண்டியதில்லை. இப்படி நினைத்துவிட்டு, அன்றைக்கு முழுவதும் உன் தையல் மிஷின் பக்கமே போகவில்லை.

முதல் சில வாரங்கள் புடவையில் உன் வாசனை இருந்தது. தேங்காய் எண்ணெயும் பவுடரும் மிஷின் எண்ணெயும் கலந்த வாசனை. மடிப்பைப் பிரிக்கும்போது மூச்சை இழுத்துக்கொள்வேன். ஒவ்வொரு தடவை துவைக்கும்போதும் கொஞ்சம் போனது. போன மாதம் பிரித்தபோது என் வாசனைதான் வந்தது. உன்னை உடுத்துகிறேன் என்று நினைத்து, நானே உன்னைத் துடைத்துப் போட்டுவிட்டேனோ?

அங்கே அப்பாவை ஒரு போர்க்களத்தில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். இங்கே என்னை ஒரு பெஞ்சில். நடுவில் ஒரு கேமரா. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் காவல் காப்பது போலத்தான் இருந்தது. அவர் உயிரோடு இருக்க நான் உட்கார வேண்டும். நான் உட்கார்வதைப் பார்க்க அவர் உயிரோடு இருக்க வேண்டும்.

இந்த வாரம், புதன்கிழமை, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உன் போன் கீச்சென்றது. புது எண். சித்தி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். மாமா வரட்டும் என்றாள். என்னால் காத்திருக்க முடியவில்லை.

எப்போதும் "தெரசு" என்றுதானே ஆரம்பிப்பார்? இந்தத் தடவை "பாப்பா" என்றார்.

"பாப்பா, அப்பா பேசறேன். பதுங்குகுழியிலேர்ந்து இப்பத்தான் முகாமுக்குத் திரும்பி வந்தோம். விட்டுப்போன பூசையெல்லாம் காட்டச் சொல்லிப் பாத்தேன். நீ ஏன் வாசகம் படிக்கறதில்ல? மேடையில ஒன்னக் காணவே காணும். பெஞ்சுல ஒங்கம்மா முக்காட்ட ஒத்தக் கையால சரி பண்றா. இன்னொரு கையில என்னமோ புஸ்தகம். ஒங்கம்மாவுக்குப் பாட்டெல்லாம் மனப்பாடம், என்னைக்குக் கோயில்ல புஸ்தகத்தத் தொட்டா? பிரசங்கத்துல குனிஞ்சு படிக்கிற ஆள் நம்ம வீட்டுல ஒண்ணுதான் இருக்கு."

பின்னால் யாரோ இருமினார்கள்.

"அங்க உக்கார்றது நீதான பாப்பா? அம்மாவுக்கு என்ன ஆச்சு? ஒங்க மாமன் சொல்ல மாட்டான். நீ சொல்லு. நான் ஓட மாட்டேன். எங்க ஓடறது, சுத்திச் சேறுதான். தெரியாம உக்காந்திருக்கறதுதான் முடியல. பதில் போடாத, இந்தப் பையன் மாட்டிக்குவான். எப்படிச் சொல்ல முடியுமோ அப்படிச் சொல்லு."

புத்தகம்தான் காட்டிக்கொடுத்துவிட்டது. பாட்டுப் புத்தகத்துக்குள் நூலகப் புத்தகத்தை வைத்துப் படிப்பேன், நீ தொடையில் கிள்ளுவாய், நினைவிருக்கிறதா? இப்போது கிள்ள ஆளில்லை. நற்கருணை வாங்கி வந்ததும் அதைக் கையில் எடுத்துக்கொள்வது எனக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது. உன் புடவை, உன் கொண்டை, உன் நடை எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். என்னை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போக மறந்துவிட்டேன்.

மாமா வந்து கேட்டார். இரண்டாவது முறையும் போடச் சொல்லிக் கேட்டார். சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, "ஒடம்பு சரியில்லன்னு நெனச்சிருக்கான். அப்படியே இருக்கட்டும். அடுத்த வாரம் ரெண்டு கையாலயும் சரி பண்ணு. புஸ்தகத்த வீட்டுல வச்சிட்டுப் போ" என்றார்.

"மாட்டேன் மாமா."

"என்னது?"

"நாளன்னிக்கு ஞாயித்துக்கெழம இந்த வருசம் செத்தவங்க பேரெல்லாம் படிப்பாங்க. நான் ஃபாதர்கிட்டக் கேக்கப் போறேன். நான் படிக்கறேன். அம்மா பேரோட."

புதன்கிழமை 'நாளன்னிக்கு' எப்படி ஞாயிற்றுக்கிழமையாகும் என்று நீயாக இருந்தால் கேட்டிருப்பாய். அவ்வளவு படபடப்பு எனக்கு.

மாமா கத்தவில்லை. கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "நீ அந்தப் பேரப் படிச்சேன்னா, அங்க அவன் செத்துருவான்டி" என்றார் மெதுவாக. "அப்பறம் ஒனக்கு யாரு இருக்கா?"

படித்த புத்தகங்களில் எல்லாம் தேடினேன், ஒரு வரி அகப்படவில்லை. சித்திதான் பேசினாள். தட்டுகளைக் கழுவப் போட்டுவிட்டு வாசற்படியில் நின்றிருந்தாள்.

"அண்ணே, நாம அத்தானுக்கு அக்காவக் காட்டல. அவ புடவையத்தான் காட்டிக்கிட்டிருக்கோம். அந்த மனுசன் அதக் கண்டுபுடிச்சிட்டாரு. இனிமே நாம செய்யறது அவருக்காக இல்ல. நமக்குச் சொல்றதுக்குப் பயம், அதனால செய்யறோம்."

"அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகாதுன்னு நான் சொல்ல முடியுமா? இன்னைக்கும் ஆகலாம். ஆனா பொண்டாட்டி இருக்காளா இல்லையான்னு தெரியாமலே ஆகணுமா?"

மாமா சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு வெளியே போனார். மழை பெய்துகொண்டிருந்தது. குடை எடுக்கவில்லை. இன்று காலையில்தான், கல்லறைத் திருநாளுக்கு உன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்து, வெள்ளைக் கையோடு என்னிடம் கேட்டார்: "எங்க, ஒரு தடவ படிச்சுக் காட்டு."

படித்துக் காட்டினேன். கல்லறைத் திருநாளை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில் ஒவ்வொரு பெயராகப் படிப்பார்கள், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் எழுந்து போய் மெழுகுவர்த்தி ஏற்றுவார். உன் பெயர் வரும் இடத்தில், 'சவரிநாதனின் மனைவி தெரசம்மா' என்று படிக்க வேண்டும். தெரசம்மா வந்துவிடுகிறது. 'மனைவி' என்ற சொல்லில்தான் நின்றுவிடுகிறேன். மூன்றாம் தடவை படித்தபோது நிற்கவில்லை. மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மெழுகுவர்த்தி நான் ஏத்தறேன்" என்றார்.

சாமியாரும் கேட்டார். "ஒன்னால முடியுமாம்மா? முடியலன்னா கண்ணக் காட்டு, நான் படிச்சிடறேன்." முடியும் ஃபாதர் என்றேன். முடியுமா அம்மா?

இதனால் என்ன விடியப்போகிறது என்றும் யோசிக்கிறேன். அப்பா வந்துவிடப் போவதில்லை. முகாமின் கதவு திறக்கப் போவதில்லை. நாளை அவர் முகாமில் இருப்பாரா, குழியில் இருப்பாரா, அந்தச் சிலுவை போட்ட ஆபீசர் இருப்பாரா, எதுவும் தெரியாது. என்றைக்குப் பார்ப்பாரோ, அன்றைக்குத்தான் அவருக்கு நீ இறப்பாய். அது எந்த நாள் என்றுகூட எனக்குத் தெரியப் போவதில்லை. அந்த நாளில் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன், அல்லது தோழியோடு சிரித்துக்கொண்டிருப்பேன். அவர் பக்கத்தில் தமிழ் தெரியாத ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.

அதனால்தான், பெயரைப் படித்துவிட்டு அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை.

உனக்கு நான் வாக்குக் கொடுக்கிறேன் அம்மா. நாளை என் மஞ்சள் சுடிதாரில் போவேன், என் பின்னலோடு. மேடையேறி, மூச்சு விட வேண்டிய இடத்தில் மட்டும் மூச்சு விட்டு, உன் பெயரை முழுசாகப் படிப்பேன். அப்போது மூன்றாவது பெஞ்சின் ஓரம் காலியாக இருக்கும். கிளாரா அத்தையிடம் சொல்லிவிட்டேன், யாரையும் உட்கார விடமாட்டார். நற்கருணை வாங்கி, கைகளை முகத்துக்குத் தூக்காமல், கேமராவைப் பார்த்தபடி நடந்து வருவேன். உன் இடத்தில் உட்கார மாட்டேன். அதற்கு அடுத்த இடத்துக்குப் போய் நிற்பேன். கையில் புத்தகம் இருக்காது. துப்பட்டாவின் இரண்டு ஓரத்தையும் இரண்டு கையாலும் பிடித்து, நீ செய்வது போல, ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம், முன்னால் இழுத்துவிடுவேன்.

நல்லாருக்கோம் என்று அவர் எடுத்துக்கொள்ளட்டும். நீ இல்லை, ஆனாலும் இருக்கோம் என்று. அவர் வருகிற வரைக்கும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதை நான் நானாகவே செய்வேன்.

பிரசங்க நேரத்தில் படிக்க மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது.

உன் வயிற்றில் பிறந்தவள், நாளை உன் பக்கத்து இடத்தில் நிற்கப் போகிறவள்,
உன் பாப்பா அமலி